சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப்

திரைப்படமும் தொலைக்காட்சியும் கற்றுத்தரும் அந்தக் கல்லூரியில் முதல் வருடம் யாரையும் கேமராவைத் தொட விடுவதில்லை. இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு சட்டம் செய்து, அதன் வழியாக உலகத்தைப் பார்க்கச் சொல்வார்கள். மாணவர்களும் பார்ப்பார்கள். பஸ் நிறுத்தத்தில் பார்ப்பார்கள், கேன்டீனில் பார்ப்பார்கள், வீட்டில் அம்மா "கையில என்ன சுளுக்கா?" என்று கேட்கும் வரை பார்ப்பார்கள். இதனால் கேமராவுக்குத் தேய்மானம் இல்லை என்பதால், இந்தப் பயிற்சியின்மீது நிர்வாகத்துக்குத் தனிப் பிரியம்.

நான் சொல்ல வந்த பெண்ணும் ஒரு வருடம் விரல் வழியாகத்தான் பார்த்தாள். இரண்டாம் வருடம் கேமரா கைக்கு வந்தது. கூடவே ஒரு பெயரும் வந்தது. ஒன்மோர். படப்பிடிப்பில் எடுத்த காட்சியை மறுபடி எடுக்க வேண்டுமென்றால் 'ஒன் மோர்' என்று குரல் கொடுப்பார்கள். இவள் எதையுமே ஒரு தடவையோடு விடமாட்டாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதைப் படம்பிடிக்கச் சொன்னபோது, டம்ளரைப் பிடித்திருந்த வகுப்புத் தோழனின் கை மரத்துப்போய் டம்ளர் நழுவி விழும் வரை ஒன் மோர் கேட்டாள். பெயர் வைத்தது அவன்தான். பதிலுக்கு அவனுக்கு 'டம்ளர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. கலைத்துறையில் இப்படித்தான் கணக்குகள் தீர்க்கப்படுகின்றன.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தொலைக்காட்சிப் பிரிவு, மேல்தளத்தில் திரைப்படப் பிரிவு. மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களை 'விளம்பர இடைவேளை' என்பார்கள். கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களை 'விரைவில் வருகிறது' என்பார்கள். இரு தரப்புக்கும் பொதுச்சொத்து ஒரே ஒரு லிஃப்ட். அது பெரும்பாலும் ஓடாது.

ஒன்மோரின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். மகளைச் சேர்க்க வந்த அன்று மற்ற பெற்றோர்கள் பாடத்திட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அவர் லிஃப்ட் கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "டோர் காண்டாக்ட் போயிருக்கு. கதவு சாத்தியிருக்குன்னு இதுக்கு யாரும் சொல்லல. பாவம், அதான் நிக்குது" என்றார், நாய்க்குட்டியைப் பற்றிப் பேசுவதுபோல. மகளை எந்தப் படிப்பில் சேர்க்கிறோம் என்பதில் அவருக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. குழப்பமெல்லாம் அவருடைய அக்காவுக்குத்தான்.

"பொண்ணை சினிமாப் படிப்புல சேர்க்கறியே, நடிக்கவா போறா?" என்று அத்தை கேட்டாள்.

"இல்லக்கா. நடிக்கறவங்களைப் பார்க்கப் போறா" என்றார் அப்பா.

கேமராவுக்குப் பின்னால் நிற்கும் வேலை அவருக்கு எளிதில் புரிந்தது. லிஃப்டில் ஏறி இறங்குபவர்கள் யாரும் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பகுதியில் பாதிப் பேருக்கு அவருடைய குரல் தெரியும்.

ஏனென்றால் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அந்தத் தொழிலில் இரண்டாவது வேலை. முதல் வேலை பேசுவது. உள்ளே இருப்பவர் கதவை உதைப்பார், கடவுளையும் குடியிருப்போர் சங்கச் செயலாளரையும் மாறி மாறிக் கூப்பிடுவார். அப்பா மாடி வராந்தாவில் குப்புறப் படுத்து, கதவிடுக்கில் வாயை வைத்து, "உள்ள யாருங்க? சரி, சரி. பையில என்ன வாங்கிட்டு வர்றீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல" என்பார். அவருடையது அடித்தொண்டையிலிருந்து அவசரமில்லாமல் வரும் குரல். வாங்கின சாமான் முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் உதைப்பது நின்றுவிடும்.

குரல் எடுபடாத இடத்தில் தட்டுவார்கள். மோட்டார் ஓடும் இரைச்சலில் மேலே நிற்பவர் கத்தினால் கீழே நிற்பவருக்குக் கேட்காது. அதனால் லிஃப்ட் ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் ஸ்பானரால் தட்டுவது அவர்கள் வழக்கம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் மேலே போ. மூன்று என்றால் கீழே இறங்கு. இந்தச் சட்டம் வீட்டிலும் செல்லுபடியாகும். அத்தை பேசிக்கொண்டே போகும்போது அப்பா நாற்காலிக் கையில் ஒரு தட்டுத் தட்டுவார். ஒன்மோரும் அம்மாவும் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள்.

அம்மா அவருடைய மனைவியானதும் அந்தக் குரலால்தான். மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கட்டடத்தில் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். வெளியிலிருந்து ஒரு குரல் பேசிக்கொண்டே இருந்தது. கதவு திறந்தபோது, முகமெல்லாம் கிரீஸோடு ஒருவர் நின்றார். "குரலைக் கேட்டுக் கட்டிக்கிட்டா. முகத்தை முதல்ல பார்த்திருந்தா யோசிச்சிருப்பா" என்பது அத்தையின் தீர்ப்பு.

இந்தக் கதையை அப்பா சொல்ல வேண்டும், அம்மா கேட்க வேண்டும். அதுதான் அந்த வீட்டு முறை. அவர் நிறுத்தும் இடங்களில் எல்லாம் அம்மா "அப்புறம்?" என்பாள், ஏதோ தனக்கு நடக்காதது போல. கதை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் தகராறாகும். அன்று லிஃப்ட் ஏன் நின்றது? கரண்ட் போய்விட்டது என்பது அம்மாவின் கட்சி. கரண்ட் போகவே இல்லை, டோர் காண்டாக்ட் கோளாறு என்பது அப்பாவின் கட்சி. "உள்ள இருந்தவ நான். இருட்டா இருந்துச்சு" என்பாள் அம்மா. "உள்ள பல்பு ஃபியூஸ். அது வேற விஷயம்" என்பார் அப்பா. நாட்டில் எத்தனையோ வழக்குகள் ராஜியாகிவிட்டன. இது மட்டும் கல்யாணமான நாளிலிருந்து நடந்துகொண்டிருந்தது. இரு தரப்புக்கும் முடிக்கும் எண்ணம் இல்லை.

ஒன்மோரின் கடைசி வருடத்தில் அப்பாவின் குரல் கரகரத்தது. சளி என்றார். தூசி என்றார். இருமல் மருந்தாக அம்மா கடையிலிருந்து கொண்டுவந்தாள். கடைசியில் ஒரு டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்பெட்டியை எடுத்துவிட வேண்டும் என்றார். உயிருக்கு ஆபத்தில்லை என்றும் சொன்னார். நல்ல சேதி சொல்லும் குரலில் சொன்னார். அவருக்குக் குரல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் எதிரே அம்மா, "உயிர் இருந்தா போதும்" என்றாள். வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாத்திரம் வைக்க மறந்து நின்றாள். பிறகு மகளிடம் சொன்னாள்.

"நீ ஏதோ பரீட்சைக்குப் படம் எடுக்கணும்னியே. அப்பாவை எடு. மத்ததெல்லாம் உன் இஷ்டம். அந்த லிஃப்ட் கதை மட்டும் அவர் குரல்ல எனக்கு வேணும்."

இந்தக் காலத்தில் ஃபோனில் இல்லாத குரலா என்று கேட்கலாம். இருந்தது. வீட்டில் எல்லா விசேஷத்தையும் ஃபோனில் எடுப்பவர் அப்பாதான். அதனால் எல்லாவற்றிலும் "கிட்ட நில்லுங்க, கிட்ட நில்லுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கதை ஒன்றிலும் இல்லை.

"நான் பார்த்துக்கறேம்மா" என்றாள் ஒன்மோர். கல்லூரியின் பெரிய கேமராவைக் கொண்டுவரப் போகிறாள். அவளுக்கு நம்பிக்கை வராமல் யாருக்கு வரும்?

அவர்களுக்கு ஆவணப்படம் கற்பித்த பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'மௌனம்'. எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதில் மௌனம் போதவில்லை என்பார். இதை ஒரு மணி நேரம் பேசுவார். ஆவணப்படக்காரனுக்கு அவர் வகுத்த விதிகள் மூன்று. கேமராவின் முன்னால் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்த மனிதன் பொய் சொல்வான். ஆகவே அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டு. திரையில் ஓடும் எழுத்தும் எண்ணும் கலைஞனின் கண்ணைக் கெடுக்கும். ஆகவே அவற்றை அணைத்து, காட்சியை மட்டும் பார். எடுத்ததை உடனே போட்டுப் பார்ப்பவன் வியாபாரி. ஆகவே ஒரு வாரம் ஊறவிடு.

மூன்று விதிகளையும் தேர்வில் எழுதி ஒன்மோர் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியிருந்தாள். டம்ளர் முதல் விதியை மறந்து ஃபெயிலாகி, மறுதேர்வு எழுதினான்.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு. உதவிக்கு வருகிறேன் என்ற டம்ளர் தன்னுடைய படத்துக்காக ஒரு பூனையைத் தேடிப் போய்விட்டான். அம்மாவுக்கு அன்று விடுமுறைதான். இருந்தும் கேட்டு வாங்கி வேலைக்குப் போனாள். "நான் இருந்தா நடுவுல பேசிடுவேன். கரண்ட் போச்சும்பேன். கதை கெட்டுப்போயிடும்" என்றாள். கல்யாணமானதிலிருந்து அம்மா விட்டுக்கொடுத்த முதல் இடம் அது.

அப்பா முகம் மழித்து, இஸ்திரி போட்ட நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். பல் டாக்டரிடம் உட்கார்ந்தவர்போல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். மகள் சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக்கைச் செருகினாள். கம்பியில்லாதது. வீட்டில் எந்த மூலையில் நின்று மூச்சுவிட்டாலும் கேமராவுக்குக் கேட்கும்.

"பாத்ரூம் போனாலுமா?" என்றார் அப்பா.

"ஆமாம்ப்பா."

"அப்ப இன்னைக்கு எனக்கு பாத்ரூம் கிடையாது."

சிவப்பு விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. திரையில் ஓர் எழுத்தும் இல்லை, அப்பா மட்டும் இருந்தார். ஒன்மோர், "கொஞ்சம் இருப்பா, பேசாதே" என்று சொல்லிவிட்டு, பட்டனை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. எரிந்தாலும் தெரியாது. எழுத்து வரவில்லை. வரக்கூடாது என்று அவளே அணைத்திருந்தாள். அழுந்தியதா? சந்தேகமாக இருந்தது. எதையும் ஒரு தடவையோடு விடும் பழக்கம் அவளுக்குத்தான் கிடையாதே. இன்னொரு முறை அழுத்தினாள்.

"இப்ப சொல்லுப்பா" என்றாள்.

அப்பா முதலில் தொழிலைப் பற்றிச் சொன்னார். லிஃப்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துகிற மனிதர்களைப் பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தமே இருந்தது. முதல் தடவை அழுத்துவது லிஃப்டுக்கு, இரண்டாவது தடவை அழுத்துவது நம் பயத்துக்கு என்றார். அழுத்துகிறவர்களைப் போலவே நடித்தும் காட்டினார். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றாள்.

அது முடிந்ததும் பட்டனை அழுத்தி நிறுத்தினாள். அதாவது, அப்படி நினைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கி, அலமாரிப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். வெளிச்சம் பார்த்தாள், திரைச்சீலையை இழுத்துவிட்டாள். அடுத்தது லிஃப்ட் கதை. அப்பா அதற்குள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெடியாப்பா?" என்று கேட்டாள். மறுபடி பட்டனை அழுத்தினாள்.

அன்று அவர் அந்தக் கதையைச் சொன்னதுபோல் எப்போதும் சொன்னதில்லை என்று ஒன்மோர் பின்னாளில் சொல்லியிருக்கிறாள். குரல் கரகரப்பாகத்தான் இருந்தது. கதவிடுக்கில் வாய்வைத்துப் பேசுகிறவருக்கு அந்தக் கரகரப்பு பொருந்தியே இருந்தது. உள்ளே அழுத பெண் மருந்துக்கடையில் புதிதாய்ச் சேர்ந்தவள் என்பதைக் கண்டுபிடித்தது, மருந்துப் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னது, எழுத்துக்கூட்டிச் சொல்லும்போதே அவள் அழுகை நின்றது, கடைசியில் கதவு திறந்ததும் அவள் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேசிட்டிருந்தவர் எங்கே?" என்று கேட்டது. அம்மா "அப்புறம்?" சொல்லும் இடங்களில் எல்லாம், அவள் அங்கே இருப்பதுபோலவே நிறுத்தி, அந்த இடைவெளி போனபின் தொடர்ந்தார். பேராசிரியர் பார்த்திருந்தால் மௌனம் போதும் என்று சொல்லியிருப்பார்.

கதை முடிந்தது. ஒன்மோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனை அழுத்தி, கேமராவைக் கீழே இறக்கினாள்.

"ஆச்சா? ஒன் மோர் வேணாமா?" என்றார் அப்பா. கல்லூரிப் பெயர் வீடுவரை வந்திருந்தது.

"வேணாம்ப்பா. இதுக்கு மேல ஒண்ணு எடுக்க முடியாது."

வாழ்க்கையில் ஒன்மோர் ஒன் மோர் கேட்காமல் விட்டது அன்றைக்குத்தான்.

அன்று முழுவதும் எடுத்தாள். நடுவில் கேமராவை அணைத்திருந்தாலோ, பேட்டரி தீர்ந்திருந்தாலோ, கணக்கு அங்கேயே நேராகியிருக்கும். அணைத்தால் மறுபடி கிளம்ப நேரமாகிறது என்று அவள் அணைக்கவில்லை. பேட்டரியும் தீரவில்லை. மாணவர்களுக்கு எப்போதும் ஓட்டை பேட்டரியைக் கொடுக்கும் ஸ்டோர்காரர், அவளுடைய அப்பாவுக்காக என்று கேள்விப்பட்டு, இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்துக் கொடுத்திருந்தார்.

மறுநாள் மெமரி கார்டை, எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கும் கல்லூரியின் காப்பி அறையில் ஒப்படைத்தாள். "ஃபைல் எல்லாம் ஏறிடுச்சு" என்றார் அந்த அறைக்காரர். உண்மைதான். அதன்பின் ஆபரேஷன், அதன்பின் ஆஸ்பத்திரி வராந்தா. ஊறவிட வேண்டிய ஒரு வாரம் தானாகவே ஊறியது.

எடிட்டிங் அறையில் அவளுக்கு நேரம் ஒதுக்கியபோது டம்ளரும் கூட வந்தான். முதல் ஃபைலைத் திறந்தாள். அப்பாவின் முகம். ஜன்னல் வெளிச்சம், நீலச் சட்டை, மழித்த கன்னத்தில் ஒரு சிறு கீறல். அவர் நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார், சொன்னபடி பேசாமல். சில நொடிகள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அடுத்த ஃபைலில் தரை ஓடியது. அவளுடைய கால்கள். கட்டில் விளிம்பு. அலமாரிக் கதவு. அப்பாவைக் காணவில்லை, ஆனால் காதருகே உட்கார்ந்து பேசுவதுபோல் குரல் மட்டும் துல்லியமாகக் கேட்டது. அடுத்ததில் திரைச்சீலையின் மடிப்பு. அதற்கடுத்ததில் கேமராப் பையின் உட்புறத் துணி, மேலே எங்கிருந்தோ, "சாப்பிட்டியா? வெறும் வயித்தோட நிக்காதே" என்று குரல். எல்லா ஃபைலும் இருந்தது. எடுக்க நினைத்தது எதுவும் இல்லை.

டம்ளர் முதலில் சிரித்துவிட்டான். எல்லா வருடமும் யாராவது ஒருவருக்கு இப்படி நடக்கும். ஓட்டவும் நிறுத்தவும் ஒரே பட்டன் என்பதால், ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிட்டால் நிறுத்தும்போது ஓடும், ஓட்டும்போது நிற்கும். மற்றவர்கள் கேன்டீனில் வைத்து ஒரு மாதம் ஓட்டுவார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். யாருடைய குரல் என்பதும் நினைவுக்கு வந்தது. சிரித்த வாயை எங்கே வைப்பதென்று தெரியாமல் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். டம்ளரில்தான். அவள் குடிக்கவில்லை.

காப்பி அறைக்கு ஓடினாள். வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டாள்.

"நீ கொடுத்த ஃபைல் எல்லாம் இருக்குல்ல?"

"இருக்குண்ணா."

"அப்புறம் என்ன?"

அவள் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் கழுத்தில் கட்டும் குழாயும் இருந்தன. மகளைப் பார்த்ததும் கையால் கேமரா பிடிப்பதுபோல் காட்டி, புருவத்தை உயர்த்தினார். "நல்லா வந்திருக்குப்பா" என்றாள். அவர் கட்டில் கம்பியில் மோதிர விரலால் இரண்டு முறை தட்டினார். மேலே போ. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "கதை இருக்குல்ல?" என்றாள். "இருக்கும்மா" என்றாள் ஒன்மோர். பொய் சொல்லச் சிவப்பு விளக்கு தேவைப்படவில்லை.

வேறு வழியில்லாமல், உள்ளதைச் சேர்த்துப் பேராசிரியரிடம் போட்டுக் காட்டி, அழுதுவிட்டு, அவகாசம் கேட்கலாம் என்று போனாள். அழும் இடம் வருவதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"முகம் இருக்கற இடத்துல குரல் இல்ல. குரல் இருக்கற இடத்துல முகம் இல்ல. நான் இத்தனை வருஷமா கத்திட்டிருக்கற மௌனம் இதுதான்மா. யார் உனக்கு இப்படி எடுக்கச் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான் சார்" என்றாள் ஒன்மோர். அவள் சொன்னது கறுப்பு டேப் விதியை. அவர் அதைக் குருதட்சிணையாக எடுத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

படம் போட்டிக்குப் போனது. ஒரு மத்தியானம், கல்லூரி அரங்கத்தில் திரையிட்டார்கள். அப்பா அதே நீலச் சட்டையைப் போட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு வந்திருந்தார். கல்லூரி லிஃப்ட் ஓடவில்லை. படியேறி, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒன்மோர் அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். முந்தின இரவு சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள். காலையில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள். பஸ்ஸிலும் அப்படித்தான்.

திரையில் முதலில் அப்பாவின் முகம் வந்தது. அம்மா அப்பாவின் கையைத் தட்டி, திரையைக் காட்டினாள், அவர் பார்க்காததுபோல. பிறகு தரை வந்தது, கால்கள் வந்தன. அம்மா பொறுமையாகப் பார்த்தாள். படம் என்றால் முதலில் கொஞ்சம் இப்படித்தான் இருக்கும் போலும். பிறகு அலமாரிக் கதவில் வெயில் அசைந்தது. அப்பா தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஒத்திகை பார்க்கும் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அன்னைக்குக் கரண்ட் போகல. எல்லாரும் போச்சுன்னுதான் சொல்லுவாங்க. போகல."

அம்மா நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"அப்புறம்?" என்றாள், வாய்விட்டு.

திரையில் அவளுடைய மகளின் கால்கள் தெரிந்தன. அப்பாவின் குரல், "ஆச்சா? ஒன் மோர் வேணாமா?" என்றது. மகளின் குரல், "வேணாம்ப்பா. இதுக்கு மேல ஒண்ணு எடுக்க முடியாது" என்றது. அரங்கம் கைதட்டியது. அவ்வளவு பெரிய கதையை ஒரே வெட்டில் தாண்டிய துணிச்சலை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

படம் முடிந்ததும் ஒன்மோரை மேடைக்கு அழைத்தார்கள். நடுவர்களில் ஒருவர், கதையின் முதல் வரியைக் கொடுத்துவிட்டு மீதியைப் பார்வையாளரிடமிருந்து மறைத்ததற்கு என்ன காரணம் என்று கேட்டார். நல்ல பதில் ஒன்றைப் பேராசிரியர் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். அம்மா இன்னும் நாற்காலி நுனியில்தான் இருந்தாள்.

"மறைக்கல சார். ரெக்கார்ட் ஆகல. பட்டனை ரெண்டு தடவை அழுத்திட்டேன்."

முதலில் சிரிப்பு, பிறகு முன்னைவிடப் பெரிய கைதட்டல். இவ்வளவு சின்ன வயதில் இவ்வளவு அடக்கம் என்று நடுவர் மெச்சினார். பேராசிரியர், அது ஓர் உருவகம் என்று பக்கத்து நாற்காலிக்காரருக்கு விளக்கினார். அந்த அரங்கத்தில் அவள் சொன்னதை நம்பியவர்கள் டம்ளரைச் சேர்த்து மூன்று பேர். அப்பா தன் ஆள்காட்டி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் பட்டன் முன்னால் மனிதர்கள் எப்படி நிற்பார்கள் என்று மகளுக்கு நடித்துக் காட்டிய விரல் அது.

முதல் பரிசு அவளுக்குத்தான்.

வீடு திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. அப்பாவால் முடியாது. அவருக்குத் துணையாகத்தான் பேசாமல் வருகிறோம் என்பதுபோல மற்ற இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஒரே ஒரு முறை ஒன்மோர், "அம்மா" என்றாள். "சில்லறை இருக்கா பாரு" என்றாள் அம்மா.

வீட்டில் பரிசுக் கோப்பையை டி.வி. மேல் வைக்க இடம் போதவில்லை. ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்கள். அப்பா ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு சின்ன ஸ்பானரைக் கையோடு வைத்துக்கொண்டிருந்தார். விரலால் தட்டினால் சமையலறைவரை கேட்பதில்லை.

அம்மா முகம் கழுவி வந்தாள். திட்டுவாள் என்று ஒன்மோர் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"அந்த ஒரு வரியைப் போடு" என்றாள் அம்மா.

ஒன்மோர் லேப்டாப்பைத் திறந்து போட்டாள். செருமல். "அன்னைக்குக் கரண்ட் போகல. எல்லாரும் போச்சுன்னுதான் சொல்லுவாங்க. போகல." முடிந்தது.

"அப்புறம்?" என்றாள் அம்மா. மெஷினிடம் இல்லை, நாற்காலியைப் பார்த்து.

அப்பா வாயைத் திறந்துவிட்டார், பழக்கத்தில். கழுத்துத் துணி ஒரு முறை உப்பி அடங்கியது. காற்று வந்தது. அவ்வளவுதான் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "சரி, நானே சொல்றேன். எனக்குத் தெரியாத கதையா?" என்று ஆரம்பித்தாள். "நான் மருந்துக்கடையில சேர்ந்த புதுசு. ஒரு வீட்டுக்கு மருந்து கொடுக்கப் போனேன். லிஃப்ட்ல ஏறினேன். மூணாவது மாடி தாண்டினதும்..."

ஸ்பானர் நாற்காலிக் கையில் ஒரு தட்டுத் தட்டியது. நிறுத்து.

"சரி, நாலாவது மாடி. நாலாவது மாடி தாண்டினதும் பட்டுனு கரண்ட் போச்சு..."

ஒரு தட்டு.

"உள்ள இருந்தவ நான்தானே? இருட்டா இருந்துச்சுங்க."

ஒரு தட்டு, கொஞ்சம் பலமாக. பல்பு ஃபியூஸ், அது வேற விஷயம் என்று அவர் சொல்லும் இடம் அது. தட்டில் அவ்வளவும் இருந்ததா என்று சொல்ல முடியாது. நிறுத்து, மேலே, கீழே என்பதற்குமேல் அந்தப் பாஷையில் சொற்கள் இல்லை. அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது எல்லாம் அந்த முகத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது, நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே. வெளியிலிருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டியது இப்போது தன் வேலை என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் பேசத் தெரிந்தவள் இல்லை. "அப்புறம்?" மட்டும்தான் அவளுக்கு வரும்.

"சரிங்க" என்றாள் கடைசியில். "கரண்ட் போகல. நீங்க சொன்னதுதான் சரி."

சொல்லிவிட்டு ஸ்பானரைப் பார்த்துக் காத்திருந்தாள்.

தட்டு வரவில்லை. அப்பா வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சத்தம் வராதபடி, ஸ்பானரை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.